பேர் சொல்லாத வெளிச்சம்

கொட்டாவி விட்டது டில்லிபாபு அல்ல.

அவன் கண்ணை மூடியபடி படுத்திருந்தான். இமைகளின் மேல் வெளிச்சம் சிவப்பாக ஊறிக்கொண்டிருந்தது. கீழே கைப்பம்பு கறக் கறக்கென்று ஏறி இறங்கும் சத்தம், குடத்தில் தண்ணீர் விழும் சத்தம், மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ராயபுரம் சந்துகளில் நுழைந்து மாடி வரை ஏறிவரும் கவிச்சி, எல்லாம் வழக்கம்போல இருந்தன. அதற்கு நடுவே, அவன் தலையணைக்கு ஒரு முழம் தள்ளி, யாரோ வாயை அகலத் திறந்து, அவசரமே இல்லாமல், தாடை எலும்பு நெறிபடும்வரை கொட்டாவி விட்டார்கள். பெண்டாட்டிதான் என்று நினைத்தான். நினைத்த பிறகுதான், கீழே பம்பு அடிப்பவள் அவள் என்பது உறைத்தது.

திரும்பிப் பார்த்தான். பாதிப் பாயும், அதற்கப்பால் சுவரும் இருந்தன. பழைய வீடு, உத்திரம் முனகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தான். உலகத்தில் தன்னைத் தவிர எல்லோரும் அரைவேக்காடு என்று நம்புகிறவனுக்கு எதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

டில்லிபாபுவுக்கு எண்ணூர் போகிற வழியில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் சூப்பர்வைசர் வேலை. விடிகாலை ஷிப்டுக்கு வேன் தெருமுனையில் இருக்கும் கல்மண்டபத்துக்கு நாலு ஐம்பதுக்கு வரும், யாருக்காகவும் நிற்காது. போன மாதம் மனைவி கார்குழலி மீஞ்சூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது இரண்டு நாள் தூங்கிப்போய் வேனை விட்டுவிட்டான். மூன்றாவது முறை விட்டால் கேட் சாவி தௌசீஃபின் கைக்குப் போகும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். தௌசீஃப் அவனிடம் வேலை கற்றவன். கன்டெய்னர் நம்பரைக்கூட விரல் வைத்துப் படிக்கிறவன் என்று டில்லிபாபு அவனைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். அந்த விரலுக்குக் கீழே கைகட்டி நிற்பதைவிடத் துறைமுகத்தில் குதித்துவிடலாம்.

ஆனால் அவனுடைய தூக்கம் சாமானியப்பட்டதல்ல. யாராவது எழுப்பியாக வேண்டும். அந்த வீட்டிலோ, எழுப்புவதற்கென்று ஒரு முறை இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் குடிவந்த அன்று வீட்டுக்காரம்மா அஜீசுன்னிசா கார்குழலியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த மாடியில் முன்பு சங்கரநாராயணன் என்று ஒருவர் தனியாக இருந்தார். துறைமுக ஒர்க்‌ஷாப் ஆள், அவருக்கும் விடிகாலை ஷிப்டுதான். ஒருநாள் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார்.

“தூக்கத்துல போனவனுக்குப் போனதே தெர்யாதும்மா. அவன் இன்னும் தூங்கிகினுதான் கீறான். நீ உன் வூட்டுக்காரர எழுப்பறதுன்னா பேரச் சொல்லி எழுப்பு. சும்மா தட்டாத, சும்மா லைட்டப் போடாத. யார எழுப்பறன்னு சொல்லாம எழுப்புனா யார் வேணா ஏந்துப்பாங்க.”

கார்குழலி அதுவரை புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடக் கார்டை நீட்டிக் காட்டுவாள். மறுநாள் இருட்டில், எட்ட நின்று, “டில்லிபாபு, ஏந்திரி” என்றாள். அவன் விஷயம் கேட்டு இருமல் வரும்வரை சிரித்தான். நீயும் அந்தக் கிழவியும் சேர்ந்து ஒரு மூளை வாங்கிக்கொள்ளுங்கள் என்றான். ஆனாலும் வேனைப் பிடிக்க வேண்டியிருந்ததால் இரண்டு வருடமும் அந்தக் குரலுக்குத்தான் எழுந்தான். நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கெடுத்தது வேன் டிரைவர் வேதமாணிக்கம். ஒருநாள் சீக்கிரம் வந்துவிட்டு, மாடிப்படி வரை ஏறிவந்தவர் காதில் அது விழுந்தது. “நம்ம சூப்பர்வைசர வூட்ல ஸ்கூல் புள்ள மாரி பேர் சொல்லி எழுப்புறாங்கப்பா” என்று வேனுக்குள் போட்டு உடைத்தார். வேனே சிரித்தது. தௌசீஃபும் சிரித்தான். அன்று சாயங்காலமே டில்லிபாபு பர்மா பஜாருக்குப் போனான்.

“அலாரம் சத்தமெல்லாம் பழசு மாமு” என்றான் கடைக்காரன். “இது சூரியன். அரை மணி நேரம் மெதுவா ஏறும். இருட்டுல ஏந்திரிக்கிற ஊர்ல எல்லாம் இத்தத்தான் வெச்சிக்கீறாங்க.”

கிர்ணிப்பழம் அளவில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் உருண்டை, அடியில் சிவப்பு எழுத்தில் மணி. சீனாச் சரக்கு, மலிவு. முதலில் அடுப்புக் கங்குபோலச் சிவந்து, பிறகு மஞ்சளாகி, கடைசியில் பட்டப்பகலாக வெளுக்கும். மார்கழி இருட்டில் நாலு மணிக்கு அவன் அறையில் மட்டும் விடிந்தது. டில்லிபாபுவுக்கு ஏக மகிழ்ச்சி.

“இனிமே எம் பேரு உன் வாயில வரக்கூடாது. புரியுதா?” என்றான் மனைவியிடம்.

அவள் அந்த உருண்டையைப் பார்த்தாள். “யாரன்னு சொல்லாம எழுப்புதே” என்றாள் மெதுவாக.

“ஆமா, சூரியன் உன்னாண்ட அட்ரஸ் கேட்டுதான் வருது.”

அதற்கு நாலாவது நாள்தான் கொட்டாவி.

ஐந்தாம் நாள் சொடக்கு. வெளிச்சம் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறும் நேரம், பக்கத்தில் ஒவ்வொரு விரலாக மடக்கி யாரோ சொடக்கு எடுத்தார்கள். டில்லிபாபு எண்ணவில்லை, ஆனாலும் பத்தாவதோடு நின்றது அவனுக்குத் தெரிந்தது. கூடவே ஒரு வாடை: நெடுநாள் வாய் கொப்பளிக்காத ஒருவர் மூச்சு விட்டதுபோல, அதோடு கொஞ்சம் கிரீஸும் பழைய தேங்காய் எண்ணெயும். கீழ்வீட்டுச் சாக்கடை என்று கிழவியைத் திட்டிக்கொண்டே எழுந்தான். எழுவது கஷ்டமாக இருந்தது. கால் இரண்டும் ஈரச் சாக்காகக் கனத்தன. பஜார்காரன் மங்கல் பல்பைத் தலையில் கட்டிவிட்டான் என்று அவனையும் சேர்த்துத் திட்டினான்.

படியிறங்கும்போது அஜீசுன்னிசா கதவோரம் நின்றிருந்தார். “மாடில யாருப்பா ரெண்டு பேரு நடக்குறீங்க?” என்றார். “உங்க காதுக்கு எண்ண போடுங்க” என்று சொல்லிவிட்டு நடந்தான்.

ஏழாம் நாள் அவன் கண் விழித்தபோது விளக்கு வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. மணி நாலு நாற்பது. அடித்துப் பிடித்து அறையை விட்டு வெளியே வந்தான். அடுப்பைப் பார்த்து நின்றிருந்த கார்குழலி காலடி கேட்டுத் திரும்பினாள். முகத்தில் இருந்த சிரிப்பு அவனைக் கண்டதும் குழம்பியது.

“இன்னாயா, திரும்ப வந்துட்ட? வேன் வர்லியா?”

“எங்கருந்து திரும்ப வர்றேன்? இப்பதாண்டி ஏந்துக்கறேன்.”

“இப்பதான காப்பி குட்ச்ச. தோ, தம்ளர நீயே கழுவி வெச்சிக்கீற. நல்லா கீதுன்னு சொன்ன. தேங்ஸ்னு சொன்ன.”

“ஆறு வருசத்துல உன் காப்பிய எவனாவது நல்லா கீதுன்னு சொல்லிக்கீறானாடி?”

அவள் கழுவிய தம்ளரைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். தான் திரும்பிப் பார்க்காமலே பேசிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும், கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அந்த லைட்டக் கடாசிடு” என்றாள். “நான் கூப்பிட்றேன். எப்பயும் போல உம் பேரச் சொல்லி நான் கூப்பிட்றேன். யாருக்கும் கேக்காம, காதாண்ட வந்து சொல்றேன்.”

அந்த இடத்தில் அவன் சரி என்று சொல்லியிருக்கலாம். கழுவிய தம்ளரை அவனும் இன்னொரு தரம் பார்த்தது நிஜம். ஆனால் சரி என்றால் பெண்டாட்டி சொன்னது சரி, கிழவி சொன்னது சரி, வேனில் சிரித்தவர்கள் சிரித்தது சரி. அவன் அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினான்.

“எம் பேரச் சொன்ன, பல்லு இருக்காது.”

அவள் தலையாட்டினாள். வேனுக்கு ஓடினான். வேதமாணிக்கம் அவனை ஏற இறங்கப் பார்த்து, “இப்ப தான இதே எடத்துல நின்னுகினு கைய ஆட்டுன? வண்டிய நிறுத்திப் பாத்தா ஆளக் காணோம். இன்னா வெளாட்டு இது?” என்றார். டில்லிபாபு அவருக்குக் கண்ணாடி போடச் சொல்லி யோசனை சொன்னான்.

அன்றிரவு விளக்கின் ஒயரைப் பிடுங்கக் கை நீட்டினான். இரண்டு முறை நீட்டினான். கார்குழலி கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்ததால் பிடுங்கவில்லை.

மறுநாள் மழை. தகரக் கூரைகளில் கொட்டுகிற மழை, தூரத்தில் ஒரு கப்பல் ஹாரன், ஈரச் சுவரின் சுண்ணாம்பு வாடை, எல்லாவற்றுக்கும் அடியில் மெதுவாகச் சிவந்துகொண்டிருந்த அந்த உருண்டை. டில்லிபாபுவுக்கு விழிப்பு வந்துவிட்டது. இன்றைக்குச் சீக்கிரமே விழித்துவிட்டோம், அவர்கள் மூஞ்சியில் கரியைப் பூசலாம் என்று சந்தோஷப்பட்டு, எழுந்து உட்காரப் பார்த்தான்.

உடம்பு வரவில்லை.

மறுபடி பார்த்தான். விரலை அசைக்கப் பார்த்தான். விரல் எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. வெளிச்சம் மஞ்சளாகியது.

அவனுக்குப் பக்கத்தில், அதே பாயில், அதே போர்வைக்குள்ளிருந்து, ஒருவன் எழுந்து உட்கார்ந்தான்.

முதுகுதான் தெரிந்தது. முதுகு அவனுடையதுதான். வலது தோளில் அவனுடைய மச்சம். அது கொட்டாவி விட்டது. பத்து விரலுக்கும் சொடக்கு எடுத்தது. பிறகு போர்வையை நான்காக மடித்தது. டில்லிபாபு தன் வாழ்நாளில் போர்வை மடித்தவனல்ல. ஆணியிலிருந்து அவன் சட்டையை எடுத்தது. கழுத்து வரை பட்டன் போட்டது. அடையாள அட்டையை மாட்டியது.

கத்தினான். சத்தம் இல்லை.

அது ஒருதரம் குனிந்து அவனைப் பார்த்தது. முகம் அவனுடையது. கண் மட்டும் வேறு. ரொம்ப நாள் தூங்கி எழுந்தவன் கண். அதில் கோபம் இல்லை. இரக்கம்கூட இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

அறையை விட்டுப் போனது.

அடுக்களையில் தம்ளர் சத்தம். அவன் குரல். அவன் குரலே, ஆனால் பணிவாக. “தண்ணி தூக்கினு வந்தியே, கை வலிக்குதா?” என்று கேட்டது. இப்போது திரும்பிப் பார்ப்பாள், இப்போது கண்டுபிடிப்பாள் என்று டில்லிபாபு காத்திருந்தான். அவள் திரும்பித்தான் பார்த்தாள் போலிருக்கிறது, “இல்லயா, பழகிப்போச்சு” என்றாள். அப்புறம் சிரித்தாள். அவள் சிரிப்பு அப்படி இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாது.

படியில் காலடி. தெருமுனையில் வேன் ஹாரன். கதவு அறைந்த சத்தம். வேன் போய்விட்டது.

கார்குழலி உள்ளே வந்தாள்.

வந்தவள் பாயைப் பார்த்தாள். நேராக அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் பார்வை அவனைத் தாண்டிப் பாயின் கோரையில் போய் நின்றது. மடித்த போர்வையைத் தொட்டுப் பார்த்தாள். ஏதோ பொறிதட்டியவள்போலப் புருவம் நெரிந்தது. பாய் நடுவில் ஆள் படுத்த மாதிரி அமுங்கியிருந்தது. அங்கே உள்ளங்கையை வைத்தாள். சூடு. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

சொல்லு.

“டி...” என்றாள்.

சொல்லு. சொல்லிடு. ஒரே ஒரு தடவை.

அவள் கை தன்னாலே முகவாய்க்குப் போனது. நேற்று அவன் பிடித்த இடத்தைத் தடவினாள். வாசலை ஒருமுறை பார்த்தாள். போனவனை நினைத்தாளோ, இருந்தவனை நினைத்தாளோ. உதட்டைக் கடித்து மிச்சப் பேரை விழுங்கிவிட்டாள்.

பிறகு எழுந்து விளக்கை அணைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கால்மாட்டில் மண்டியிட்டாள். பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

இறுக்கமாகச் சுருட்டுவாள். எப்போதுமே அப்படித்தான். பாதம் போனது. முழங்கால் போனது. கோரை நெறிபட்டது. இடுப்பு. நெஞ்சு. அவள் முகம் கிட்டே வந்தது. நெற்றியில் வியர்வை. முழங்கையை ஊன்றி இன்னும் ஒரு சுற்று அழுத்தினாள். கழுத்து.

இருட்டு.

தூக்கிக் கதவுக்குப் பின்னால் மூலையில் நிறுத்தினாள். என்ன இன்றைக்கு இவ்வளவு கனம் என்று வாய்விட்டே சொன்னாள். பாயின் மேல்வாய் வழியாக ஒரு வளையம் அளவுக்கு உத்திரம் தெரிந்தது. அதையும், காய்வதற்காக, அவள் அவனுடைய ஈரத் துண்டைப் போட்டு மூடினாள்.