மூத்த தாரம்

துவக்கின் குழல் சூடாக இருந்தது.

பேஸ்மென்ற்றில் ஹீற்றர் கிடையாது. ஜனவரியில் அந்த இரும்பு அலுமாரியைத் திறந்தாலே குளிர் முகத்தில் அடிக்கும். குழலில் கை வைத்தால் விரல் ஒட்டிக்கொள்ளும். அன்று சனிக்கிழமை மத்தியானம் கிறகரி எண்ணெய்த் துணியோடு கையை நீட்டியபோது, இவ்வளவு நேரமும் யாரோ மடியில் வைத்திருந்துவிட்டு எழுந்து போனது போல அது வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டதோ என்று பார்த்தான். சின்ன ஜன்னலைப் பனி மூடியிருந்தது. சரி என்று துடைக்கத் தொடங்கினான். மனைவி செத்த பிறகு எதையும் அவன் இரண்டாம் தரம் யோசிப்பதில்லை.

அது பழைய வின்செஸ்டர் பம்ப் துவக்கு, உலகப் போருக்கு முன் செய்தது. வால்நட் மரப்பிடி பல பேரின் கன்னம் பட்டுப் பட்டுக் கறுத்துப் பளபளத்தது. கரிய உருக்கை வெளிச்சத்தில் சரித்தால் அடியில் ஒரு நீலம் ஓடும். முன்பிடியைப் பின்னே இழுத்து முன்னே தள்ளும்போது வரும் இரட்டைச் சத்தம், இப்போதைய துவக்குகளின் தகரச் சத்தம் அல்ல. நன்றாக இழைத்த மரக்கதவு பொருந்திச் சாத்துவது போல ஆழமானது. அவன் ஒரு பறவையையும் சுட்டதில்லை. கோடையில் கிளப்புக்குக் கொண்டுபோய் வானில் எறியும் மண்தட்டுகளைச் சுடுவான். மற்ற நாட்களில் துடைப்பான், பார்ப்பான், அந்தச் சத்தத்தைக் கேட்பான். போதும்.

கலியாணத்துக்கு முதல், லோறன்ரைட் மலைப்பக்கம் ஒரு கிழவனிடம் வாங்கியது. கிழவனின் சுவரில் கலியாணப் படங்கள் வரிசையாகத் தொங்கின. எல்லாவற்றிலும் மாப்பிள்ளை அவன்தான். பெண்தான் வேறு வேறு. துவக்கைக் கையில் தரும்போது, "பொறாமைக்காரி" என்று பிரெஞ்சில் சொன்னான். கிறகரி சிரித்தான். கிழவன் சிரிக்கவில்லை.

மெற்றில்டா இந்த வீட்டுக்கு வந்த புதிதில், "இதுதானோ உங்கட மூத்த தாரம்?" என்று கேட்டாள். கோயிலில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்த பகிடி அது. போகப் போகப் பகிடி காய்ந்துவிட்டது. படியில் நின்று, அவன் எண்ணெய் பூசுவதைப் பார்த்துக்கொண்டு, "என்ர தோளை ஒருக்கா இப்பிடித் தடவியிருக்கிறீங்களோ, அப்பா?" என்றாள். கடைசியாகப் போன இலையுதிர்காலத்தில் சொன்னாள்: "சக்களத்தியோட ஒரு வீட்டில இருக்கேலாது. வித்துப்போடுங்கோ."

இதே அலுமாரிக்கு முன்னால் நின்றுதான் அவன் சரி என்றான். வாங்குகிறவன் வார இறுதியில் வருவதாக இருந்தது. அதற்குள் ஒரு காலை மெற்றில்டா எழும்பவில்லை. இதயம் என்றார்கள். அவளுடைய தலையணையில் துவக்கு எண்ணெய் மணத்தது. தன் கையில் இருந்து ஒட்டியது என்று நினைத்தான். வேறு என்ன நினைக்க?

சவப்பெட்டியை மூடுமுன் அக்காதான் தாலிக்கொடியைக் கழற்றித் தந்தாள். "பத்திரமா வை, தம்பி. தமிழ்ச் சனத்தின்ர வீட்டில தங்கம் இருக்கெண்டு கள்ளனுக்கும் தெரியும்." வீட்டில் பலமான பூட்டு உள்ளது ஒன்றுதான். நகைப்பெட்டியோடு கொண்டுவந்து துவக்கு அலுமாரியின் மேல்தட்டில் வைத்தான்.

துடைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அக்கா.

"நாளைக்குப் பின்னேரப் பூசை முடிய, நான் சொன்ன பிள்ளை ஜசிந்தாவக் கூட்டிக்கொண்டு வாறன். தேத்தண்ணிக்குத்தான். ஷேவ் எடு."

"ம்."

"அந்தத் துவக்கையும் வித்துத் துலை. எந்தப் பொம்பிளை துவக்கோட குடும்பம் நடத்துவாள்?"

"சரி, விக்கிறன்."

சொன்ன பிறகுதான் அலுமாரி திறந்து கிடப்பது தெரிந்தது. ஏனோ குரலைத் தாழ்த்தினான். துவக்கை உள்ளே நிறுத்தி, விசையின் பூட்டைச் சரிபார்த்தபோது குழலின் நுனியில் ஏதோ மினுங்கியது.

தாலிக்கொடி. கழுத்தில் கட்டியது போல, குழலில் இறுக்கிச் சுற்றியிருந்தது. வேதக்காரத் தாலியில் பொறித்திருந்த புறா அவனைப் பார்த்தபடி தொங்கியது. இவ்வளவு நேரமும் இந்தக் குழலைத்தான் துடைத்துக்கொண்டிருந்தான். மேல்தட்டில் நகைப்பெட்டி மூடியபடியே இருந்தது. திறந்து பார்த்தான். வெறும் பெட்டி.

கழற்ற நெடுநேரம் எடுத்தது. கொடி வழுக்கியது, இறுகியது, விரலை வெட்டியது. கழற்றியதும் குழல் சில்லென்று குளிர்ந்துபோயிற்று. ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்வது போல. கொடியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து அலுமாரியைப் பூட்டினான்.

மறுநாள் பின்னேரம் அவர்கள் வந்தார்கள். நாலரைக்கே இருட்டும் காலம். வீடிருந்த டொலார்ட் புறநகர்த் தெருக்களில் பனி தள்ளும் வண்டியின் உறுமல் தூரத்தில் கேட்டது. ஜசிந்தாவுக்கு டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. பூட்ஸைக் கழற்றும்போது அவளுடைய ஒரு காலுறை நீலம், மற்றது கறுப்பு.

"பாக்காதேங்கோ," என்றாள். "வீட்டில இதே மாதிரி இன்னொரு சோடி இருக்கு."

கிறகரி சிரித்தான். தொண்டையிலிருந்து வந்த சத்தம் அவனுக்கே அந்நியமாக இருந்தது. மெற்றில்டா போன பிறகு இதுதான் முதல் சிரிப்பு. அக்கா கண்ணைத் துடைத்தாள்.

கீழே, தரைக்கு அடியில்: சடக்... சடக்.

"என்ன அது?" அக்கா கேட்டாள்.

"குழாய். குளிருக்கு," என்றான்.

தேத்தண்ணி ஊற்றினான். ஜசிந்தா கோப்பையைக் கையில் எடுத்துவிட்டுக் குடிக்காமல் வைத்தாள்.

"ஏதோ எண்ணெய் மணக்குது. மெசின் எண்ணெய் மாதிரி. உங்களுக்கு மணக்கேல்லையோ?"

அவனுக்கு மணத்தது. படியேறி வந்துகொண்டிருந்தது. மெற்றில்டாவின் தலையணையில் இருந்த அதே மணம்.

ஜசிந்தாவை இப்போதே வீட்டுக்கு அனுப்பவேண்டும். அனுப்பி, கதவைப் பூட்டி, அந்தத் துவக்கைக் கொண்டுபோய்ப் பொலிசில் கொடுத்துவிடவேண்டும். அவள் சாகக்கூடாது. நெஞ்சுக்குள் மாதக் கணக்காக மரத்துக் கிடந்த ஏதோ ஒன்று நோகத் தொடங்கியது.

"அக்கா, கோட்டைப் போடுங்கோ. பனி கூடப்போகுது. இப்பவே வெளிக்கிடுங்கோ."

"உனக்கென்ன விசரே? இப்பதானே வந்தனாங்கள்."

"போடுங்கோ எண்டுறன்."

அவர்களைத் தாண்டி பேஸ்மென்ற்றுக்கு இறங்கினான். அலுமாரி பூட்டியிருந்தது. திறப்பு அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. திறந்தான்.

துவக்கு இல்லை.

நகைப்பெட்டி வாய் பிளந்து கிடந்தது. விசையில் போட்ட பூட்டு மட்டும் தட்டில். பூட்டியபடி.

மேலே ஓடினான். அக்கா தனியே மேசையில் இருந்தாள்.

"ஜசிந்தா எங்க?"

"தலை சுத்துதெண்டவள், பாவம். உன்ர அறையில கொஞ்சம் சரியவிட்டனான். ஏன்ராப்பா, முகம் இப்பிடி?"

நடை. இருட்டு. எண்ணெய் மணம் சுவர் போல நின்றது. அறைக்கதவு திறந்திருந்தது.

"ஜசிந்தா."

உள்ளே போனான்.

லைற்றைப் போடவில்லை. தெருவிளக்கு போதுமாக இருந்தது. மெற்றில்டா படுக்கும் பக்கத்தில் ஜசிந்தா மல்லாந்து கிடந்தாள். கண் மூடி. போர்வை கழுத்துவரை. அதை யாரோ ஒழுங்காக இழுத்துவிட்டிருந்தார்கள்.

கட்டிலின் மற்றக் கரையில், இன்னொரு தலையணையில், கரிய குழல். அதன் கழுத்தில் தாலிக்கொடி. அதற்கும் போர்வை.

நடுவில் ஓர் ஆள் படுக்க இடம். போர்வை அங்கே மடித்துத் திறந்து விடப்பட்டிருந்தது.

அவன் ஜசிந்தாவின் நெஞ்சைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

போர்வை ஏறியது. இறங்கியது. ஏறியது.

மற்றப் பக்கத்தில்.