சிவந்த சாம்பல்

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், கிளூனபிரிஸ்க் சதுப்பு நிலம், மனிதகுலத்தின் மேன்மையையும் வருங்காலச் சந்ததியினரின் நல்வாழ்வையும் முன்னிட்டு, இன்று முதல் நிரந்தரமாக நனைந்திருக்க அனுமதிக்கப்படுகிறது.

ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அது யாருடைய அனுமதியும் இல்லாமல்தான் நனைந்துகொண்டிருந்தது என்பதை அறிக்கை குறிப்பிடவில்லை. தேவாலயக் கூடத்தில், பன்றி இறைச்சி சாண்ட்விச்சுகளுக்கு நடுவே, தொப்பி அணிந்து அதை வாசித்தவள் சதுப்புப் பாதுகாப்புக் கமிட்டியின் செயலாளர் கோப்னட் டூஹி. வாசித்து முடித்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. மற்றவர்களுக்கு சாண்ட்விச் தீர்ந்துபோன கவலை.

ஆனால் வேலை அவளுடையதுதான், அதை யாரும் மறுக்க முடியாது. சதுப்பு மண்ணைச் செங்கல் செங்கலாக வெட்டி, வெயிலில் அடுக்கிக் காயவைத்து, குளிர்காலம் முழுக்க எரிப்பதுதான் அந்த ஊரின் பிழைப்பு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வெட்டுக்கரை உண்டு. கோப்னட் வருஷக்கணக்கில் வீடு வீடாக ஏறி இறங்கி, மழையில் நின்று, வசவு வாங்கி, எல்லோரையும் வெட்டுவதை விடவைத்தாள். எங்கும் அவள் வைத்த அடகு ஒன்றுதான்: "முதல்ல மண்வெட்டியக் கீழ வச்சது எங்க வீட்டுக்காரரு." அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் கிழவர் பேக்கி ஹெஷன்கூட, பாட்டன் பூட்டன் வெட்டிய கரையை விட்டுக்கொடுத்தார். பிறகு சதுப்பை வடித்துவந்த வாய்க்கால்களை அடைத்தார்கள். தண்ணீர் ஏறியது. பாசி பச்சை பிடித்தது.

நவம்பரில் ஒரு காலை கணப்பைக் கூட்டும்போது சாம்பல் ஈரமாக இருந்தது.

புகைக்கூண்டு வழியாக மழை இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். முந்தின இரவு மழை இல்லை. விரலில் ஒட்டியது செங்காவி நிறம். கணவன் ஜார்லத் பக்கத்து மாவட்டத்திலிருந்து லாரியில் வரவழைப்பதாகச் சொன்ன மண்கட்டிகள் வெள்ளைச் சாம்பல்தான் தரும். செங்காவிச் சாம்பல் கிளூனபிரிஸ்கின் அடிமண்ணுக்கு மட்டுமே உரியது. அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவனைச் சாம்பலைக் காட்டியா விசாரிப்பது?

ஞாயிறு பூசை முடிந்து வாசலில் பேக்கி புகைக்குழாயைப் பற்றவைத்தபடி அவளை நிறுத்தினார். "செயலாளரம்மா, உங்க வீட்டுப் புகை எந்த மண்ணோடதுன்னு என் குருட்டு நாய் சொல்லும். உங்க மூக்கு மட்டும் மீட்டிங்குக்குப் போயிருக்கு போல." சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தப் புகையைவிட்டு ஒருநாளும் விலகாதவளுக்கு அது வாசனையே அல்ல, வெறும் காற்று. தன் வீட்டுக் காற்றை அவள் முகர்ந்து பார்த்ததே இல்லை.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும், ஆடுகளைப் பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டு ஜார்லத் போனான். மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி வேலியை விழுங்கிக்கொண்டிருந்தது. கோப்னட் விளக்கை எடுத்துக்கொண்டு பின்கொட்டகைக்குள் போனாள். பழைய வைக்கோலின் புளிப்பும், அதற்கடியில் ஊறிய வேரும் துருவும் கலந்த இனிப்பான நாற்றமும் முகத்தில் அடிக்க, எங்கோ ஒரே சீராகச் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரின் சத்தத்தைப் பின்பற்றி வைக்கோல் கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளினாள். பின்னால் கூரைவரை ஒரு கறுப்புச் சுவர். வெட்டுக்கட்டிகள். இந்த வருஷத்து வெட்டு. ஜார்லத்தின் கைவாகு அவளுக்குத் தெரியும், நேர் விளிம்பு, கூர் மூலை. அவன் அப்பா வைத்துவிட்டுப் போன ஸ்லான், பக்கத்தில் இறக்கை வைத்த அந்த வெட்டுமண்வெட்டி, ஆணியில் இல்லை.

ஆக, ஆடு இல்லை.

அழுகை வரவில்லை. எத்தனை வாசல், எத்தனை மழை, அத்தனையும் இந்தச் சுவருக்கு முன்னால் திரையாகத் தொங்கியிருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

கோடை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டிய கட்டிகள் நீர் வடித்துக்கொண்டிருந்தன. அவற்றின்மேல் பாசி, புதுப் பச்சை. ஒன்றை விரலால் அழுத்தினாள். அது திரும்ப அழுத்தியது. விளக்கை உயர்த்திப் பார்த்தபோது சுவர் முழுவதும் மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது. சதுப்பு மூச்சுவிடும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் அவள்தான் சொல்லிவந்தாள். கேட்க அழகாக இருக்கும்.

உச்சி வரிசையில் ஒரு கட்டி மட்டும் வெளிறியிருந்தது. அதில் ஒரு நீல நூல். போன கிறிஸ்துமஸுக்கு அவள் பின்னிக்கொடுத்த ஸ்வெட்டரின் நூல். வெட்டும்போது மாட்டியிருக்கும். சாட்சி. வைக்கோல் கட்டின்மேல் ஏறி அந்தக் கட்டியை உருவி எடுத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

வீட்டின் பின்கதவு திறக்கும் சத்தம். பூட்ஸ் சத்தம். ஒவ்வொரு அடியிலும் பிழியாத ஈரத்துணி தரையில் விழுவதுபோல. கோப்னட் கட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். கொட்டகையிலிருந்து கசிந்த பழுப்பு நீர், மேடேறி, அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஜார்லத் கணப்பின் முன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். நெருப்பு அணைந்திருந்தது. ஸ்லான் மடியில்.

"எவ்வளவு நாளா?" என்றாள்.

அவள் கட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"பேக்கியோட சமையக்கட்டுல நின்னு உன் பேரச் சொல்லி சத்தியம் பண்ணேன், ஜார்லத். உன் பேர. ஊரே என்னப் பாத்துச் சும்மா இருந்திருக்கு. நீயும் பாத்துக்கிட்டு டீ குடிச்சிருக்க."

தண்ணீர் சொட்டியது. பிறகு, வாய்க்குள் மண் இருப்பவனைப்போல, மெதுவாகச் சொன்னான்.

"கணக்கு தீந்துட்டு வருது, கோப்னட். எடுத்த அளவுக்குத் திருப்பிக் குடுக்கச் சொல்லிச்சு."

"யாரு?"

அவன் திரும்பினான்.

முகம் தோல்பதனிட்ட பழுப்பு. கறுப்பு முடி செம்பட்டையாகியிருந்தது. கண் இருந்த இடத்தில் பாசி. குளிர்ந்த, மிக இளம் பாசி.

நீல ஸ்வெட்டரின் இடது தோளில் ஒரு துளை. உள்ளே ரத்தம் இல்லை. செங்கல் அளவுக்கு, நேர் விளிம்போடு, கூர் மூலையோடு, சதை வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. அவன் கைவாகு அல்ல. அதைவிடச் சுத்தம். அதற்குக் கீழே இன்னொன்று. விலாவில் மூன்று. வரிசையாக.

கோப்னட்டின் கையில் இருந்தது மெல்ல உப்பியது. அடங்கியது.

அவன் இரண்டு கைகளையும் அதை நோக்கி நீட்டினான்.

ஈரநிலப் பாதுகாப்புக்கான அந்த வருஷத்து மாவட்டப் பரிசு கிளூனபிரிஸ்க் கமிட்டிக்குக் கிடைத்தது.