மூன்றாவது அருவியில் இழுத்த கயிறு

அன்று காலை வண்டியிலிருந்து இறங்கியவர்கள் ஆறு பேர். எல்லோரும் ஒரே ஆபீஸ். நானும் தம்பியும் சேர்த்து எட்டு. மலை இடுக்கில் ஓடும் ஆற்றோடு நடந்து, நீந்தி, அருவி குறுக்கிட்டால் கயிற்றில் இறங்கி, மறுபக்கம் வெளியே வர வேண்டும். ஐந்து மணி நேர வேலை. பன்னிரண்டு வருடமாக இதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

"மேடம், இதுவரைக்கும் இங்க யாராச்சும் செத்திருக்காங்களா?" என்றார் அவர்களுடைய மேனேஜர், இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டே.

"சாகல சார். எங்கக்கா உயிரை வாங்கினவங்கதான் நிறைய பேரு" என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். தவளை என்றுதான் அவனை எல்லோரும் கூப்பிடுவார்கள். தண்ணீரைக் கண்டால் அவனுக்கு அப்படியொரு குஷி.

எங்கள் வழக்கம் இதுதான். நான் முதலில் இறங்குவேன். தம்பி மேலே நின்று ஒவ்வொருவராக அனுப்புவான். இறங்கியவரைக் கயிற்றிலிருந்து கழற்றியதும் நான் ஒரு விசில் கொடுப்பேன், அடுத்தவர் வருவார். கடைசியில் அவன். அவனும் வந்த பிறகு ஒரு முனையைப் பிடித்து இழுத்தால், மேலே இரும்பு வளையத்தில் கோத்திருக்கும் கயிறு முழுவதும் உருவிக்கொண்டு கீழே வந்துவிடும். அடுத்த அருவிக்கு அதே கயிறு வேண்டும். ஆனால் ஒரு தடவை இழுத்துவிட்டால், மேலே இருப்பவர் கதி அதோ கதிதான். அதனால் தலைகளை எண்ணாமல் நான் இழுத்ததே கிடையாது.

மூன்றாவது அருவி நாற்பது மீட்டர். நண்பகலிலும் அந்த இடம் இருட்டாகத்தான் இருக்கும். ஈரப் பாறையும் அழுகிய இலையும் கலந்த வாடை. சாரல் மறைப்பதால் கீழே நிற்பவருக்கு மேலே இருப்பவர் தெரியமாட்டார்.

ஆறு பேரும் இறங்கிவிட்டார்கள். விசில் கொடுத்தேன். கயிறு ஆடியது. சாரலுக்குள்ளிருந்து சிவப்பு ஹெல்மெட் தெரிந்தது. தம்பிக்கு மட்டும்தான் சிவப்பு. எப்போதும் ஊளையிட்டுக்கொண்டே வருபவன் அன்று சத்தமே இல்லாமல் இறங்கினான். தானே கயிற்றிலிருந்து கழன்று, எனக்கு முதுகைக் காட்டியபடி பாறையோரம் போய் நின்றான்.

"என்னடா, நாக்கை மேலயே விட்டுட்டு வந்துட்டியா?" என்றேன்.

அவன் திரும்பவே இல்லை. எனக்கோ தண்ணீரைப் பார்த்துக் கவலை. மேலே எங்கோ மழை பிடித்துவிட்டது போலிருக்கிறது. தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்க ஆரம்பித்திருந்தது. அவசரமாகத் தலைகளை எண்ணினேன். ஏழு. என்னோடு எட்டு.

இழுத்தேன்.

கயிறு சரசரவென்று வந்து என் காலடியில் விழுந்தது.

அப்போது மேலேயிருந்து விசில் கேட்டது.

"அக்கா! கயித்தை ஏன்க்கா இழுத்த?"

திரும்பினேன். பாறையோரம் யாரும் இல்லை.

மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இங்கதானே மேடம் நின்னாரு? நானும் பாத்தேனே!"

அதற்குள் தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிட்டது. அங்கேயே நின்றால் ஆறு பேரையும் வாரிக்கொண்டு போய்விடும். தொண்டை கிழியக் கத்தினேன். "மேல ஒரு திட்டு இருக்குல்ல, அதுல ஏறி உக்காருடா! இவங்களை வெளிய விட்டுட்டு, மேல் வழியா வந்து உன்னைத் தூக்கிடுறேன். சத்தியமா வர்றேன்!"

"சீக்கிரம் வாக்கா. பயமா இருக்கு."

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அழுதுகொண்டேதான் நடந்தேன். மிச்சமிருந்த ஒவ்வொரு அருவியிலும் ஆறு பேரையும் தொட்டுத் தொட்டு எண்ணி வெளியே கொண்டுவந்து சேர்த்தேன்.

சாயங்காலம் மீட்புக் குழுவோடு மலை விளிம்புக்குப் போனேன். ஒருவர் கயிற்றில் இறங்கி, திட்டில் சுருண்டு உட்கார்ந்திருந்த தம்பியைத் தன்னோடு கட்டி மேலே கொண்டுவந்தார். கட்டிப்பிடித்து அழுதேன், திட்டினேன், மறுபடி அழுதேன். அவன் உடம்பு ஐஸாக இருந்தது.

"எட்டுப் பேருதானே? எட்டும் வந்தாச்சு" என்று குழுத் தலைவர் கயிற்றைச் சுருட்டக் குனிந்தார்.

திட்டுக்கும் கீழே, இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா! கயித்தை எடுத்துடாதக்கா! நான் இன்னும் இங்கதான் இருக்கேன்!"

தலைவரின் கை அப்படியே நின்றது. "கீழ வேற யாராச்சும் இருக்காங்களாம்மா?"

தம்பி என் விரல்களை இறுக்கினான். என் காதுக்குள் மெல்லச் சொன்னான்.

"அதுதான்க்கா. சிவப்பு ஹெல்மெட் போட்டுக்கிட்டு உன்னை ஏமாத்துச்சே, அதேதான். எடுக்கச் சொல்லு."

எட்டுப் பேர் கணக்கு சரியாக இருந்தது. என் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எடுங்க சார்" என்றேன்.

கயிறு மேலே ஏறியது.

"அக்கா... சத்தியம் பண்ணினியேக்கா..."

பிறகு வெள்ளம் வந்தது. பாறைகள் உருளும் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது, பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. சிவப்பு ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒன்று இறங்கி வந்ததை நான் தம்பியிடம் இன்னும் சொல்லவே இல்லை.

நான்கு மாதம் ஆகிறது. பக்கத்து அறையில்தான் படுக்கிறான். போட்டதைச் சாப்பிடுகிறான். கேட்டால் பதில் சொல்கிறான். மகன் பிழைத்து வந்ததில் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் காலையில், சொட்டச் சொட்ட நனைந்திருக்கும் அவன் தலையணையை வெயிலில் போடுகிறாள்.

"குளிச்சா தலையைத் துவட்டிட்டுப் படுடான்னா கேக்குறானா பாரு" என்று என்னிடம் செல்லமாகக் குறைபட்டுக்கொள்கிறாள்.

அவன் குளித்தே நான்கு மாதம் ஆகிறது. அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.