ஜன்னலை ஒட்டிய கிடங்கு

அக்கா பல்கலைக்கழகத்தின் கட்டடப் பொறியாளர். தம்பி ஒப்பந்தக்காரர். அந்தப் பழைய வீட்டை இடிப்பதற்கு முன் அளவெடுக்க வந்திருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. ஆனாலும் வாசலைத் தாண்டியதும் டார்ச் தேவைப்பட்டது.

ஒரே கட்டடத்தோடு தொடங்கிய வளாகம் அது. ஆய்வுக்கூடம், விடுதி, நூலகம் என்று வளர்ந்து, விற்க மறுத்த ஒரு கிழவியின் வீட்டை, வாசலுக்கு ஒரு சந்து மட்டும் விட்டு, மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டது. மிச்சமிருந்த ஜன்னல் பக்கத்திலும் புத்தகக் கிடங்கு எழுந்தது. அதன்பின் ஜன்னலைத் திறந்தால் கை நீட்டக்கூட இடமில்லை, செங்கல் சுவர்தான். அதைப் பார்த்தபடியே இருந்து கிழவி செத்துப்போனாள்.

உள்ளே காயாத துணியின் வாடை. தம்பி ஜன்னலருகே நின்று அளவு நாடாவை இழுத்தான்.

"ஏன்க்கா தள்ளி நிக்கச் சொல்றீங்க?"

"நான் எங்கடா சொன்னேன்?"

"மறைக்காதேன்னு காதுகிட்ட..."

"காலைலேருந்து பட்டினி. காது அடைச்சிருக்கும். சீக்கிரம் முடி."

வீடு போனது. அந்த இடத்தில் பெரிய வாசிப்பறை வந்தது. கிடங்கை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

கிடங்கை ஒட்டிய மூலையில் எந்த விளக்கும் நிலைக்கவில்லை. மாற்ற மாற்றக் கருகியது. மாணவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. கேட்டால், ஈரத்துணி நாற்றம் என்றார்கள்.

ஒரு மதியம் விளக்கை மாற்றத் தம்பி ஏணியோடு அங்கே போனான். சற்றுப் பொறுத்து அக்கா போய்ப் பார்த்தபோது, அவன் தரையில் உட்கார்ந்து காற்றைத் துழாவிக்கொண்டிருந்தான்.

"ஏன்க்கா லைட்டை அணைச்சீங்க?"

அறை முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்ததும் தம்பி அவள் கையைப் பிடித்து மெல்லச் சொன்னான்:

"இருட்டு இல்லக்கா. செங்கல். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் செங்கல்தான்."

அவள் மறுநாளே பல்கலைக்கழகத்துக்குப் போனாள்.

கிடங்கில் விரிசல், எந்நேரமும் விழலாம் என்று பதிவாளரிடம் கூசாமல் பொய் சொன்னாள். அனுமதி கிடைத்ததும் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாள். தம்பியையும் கைபிடித்துக் கூட்டிவந்தாள். சுவர் சரிந்தது. புழுதி அடங்கியதும் வாசிப்பறையின் அந்த மூலையில் ஜன்னல் வழியே முதன்முறையாக வெயில் விழுந்தது.

தம்பி கையால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

"கண்ணு கூசுதுக்கா."

அவள் வேலையாட்கள் நடுவே நிற்கிறோம் என்பதையும் மறந்து அழுதாள்.

அடுத்த ஆண்டு, கிடங்கு இருந்த வெற்றிடத்தில் புதிய அரங்கம் கட்ட முடிவானது.

"அங்க மட்டும் வேண்டாம் சார்," என்று கெஞ்சினாள்.

பதிவாளர் சிரித்தார். "கையில காலி இடத்தை வச்சுக்கிட்டு வேற எங்கம்மா போறது?"

சாயங்காலம் வேறொரு ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அளந்து முளைக்குச்சிகளை அடித்துவிட்டுப் போனார்கள்.

காலையில், குச்சி ஒன்றையும் காணோம் என்று காவலாளி கூப்பிட்டனுப்பினார். அக்காவும் தம்பியும் ஓடினார்கள். வாசிப்பறை பூட்டியபடி இருந்தது. ஜன்னல்களெல்லாம் உள்தாழ் போட்டபடி இருந்தன. பூட்டைத் திறந்து உள்ளே போனார்கள்.

மூலையில் முளைக்குச்சிகள் குவிந்து கிடந்தன, ஈரமண் உதிராமல்.

தம்பி குனிந்து ஒன்றைத் தொட்டான். சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

குச்சியில் இன்னும் கைச்சூடு இருந்தது.