பழம் இருக்கும் இடம்

ஹெல்வி இடத்தைச் சொல்லிவிட்டாள். கோளாறு அங்கேதான் தொடங்கியது.

வடக்கே கைனூப் பக்கத்தில், பொன்விலைக்குப் போகும் ஹில்லாப் பழம் எந்தச் சதுப்பில் காய்க்கிறது என்று பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். கேட்டால் வானத்தைப் பார்ப்பார்கள், இந்த வருஷம் பூவையெல்லாம் பனி கருக்கிவிட்டது என்று புளுகுவார்கள், காரை வேறெங்கோ நிறுத்திவிட்டு வாளியைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு நடப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில், அறையை வாடகைக்கு விட்டவள் ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, மேஜை விரிப்பின் மேல் கரண்டிக் காம்பால் கோடு கிழித்து வழி காட்டினாள்.

"இதோ, இங்க பலகைப் பாதை முடியும் டாக்டரே. அங்கேயே செத்த பைன் மரம் ஒண்ணு நிக்கும். அதைத் தாண்டிட்டீங்கன்னா பழம் கொட்டிக் கிடக்கும். வாளி தரட்டுமா?"

"பழம் யாருக்கு வேணும்? எனக்கு அந்த நிலம்தான் வேணும்."

"ரெண்டும் ஒண்ணுதானே," என்று சொல்லிவிட்டு ஒஸ்மோவின் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள்.

ஒஸ்மோ சிரிப்பை அடக்கிக்கொண்டான். படித்தவனைக் கண்டதும் இந்தக் கிழவிக்குத் தலைகால் புரியவில்லை, குடும்ப ரகசியத்தை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டாள் என்று நினைத்தான். அவன் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பான். வடக்கத்திச் சதுப்புகளையும் காடுகளையும் வகை பிரிப்பது அவன் தொழில். காலடியில் என்ன பாசி, என்ன புல் என்று ஒரு பார்வை பார்த்தால் போதும், அந்த நிலத்தின் வகை வாயில் வந்துவிடும். மனிதர்களை அந்த ஒரு பார்வைகூடப் பார்க்காமலே வகை பிரித்து வைத்திருந்தான். எல்லோரும் ஒரே வகை, மண்டு.

அதிலும் பெரிய மண்டு யோர்மா. போன கோடையில் இதே வேலைக்கு வந்து இதே வீட்டில் தங்கிய யோர்மா, வரைபடத்தில் ஒரே ஒரு துண்டை வெள்ளையாக விட்டுவிட்டு ஆளே காணாமல் போனான். கார் மட்டும் கயானி ரயில் நிலையத்தில் நின்றது. எவளோடோ ஸ்வீடனுக்கு ஓடிவிட்டான் என்று அவர்கள் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியதும் வளர்த்ததும் ஒஸ்மோதான். இன்றைக்கு அந்த வெள்ளைத் துண்டுக்கு வகை எழுதிவிட்டால், புது வரைபடத்தில் அவன் பெயர் மட்டும் நிற்கும், யோர்மாவின் பெயரை அடித்துவிடுவார்கள். அதற்காகத்தான், கால் வலியோடு, ஊர் கோடை வீடுகளில் சாய்ந்து கிடக்கும் நேரத்தில் சதுப்பின் அடியைக் குத்திப் பார்க்கும் இரும்புக் குத்துக்கோலைத் தோளில் சாத்திக்கொண்டு கிளம்பினான்.

ராத்திரியானாலும் வெளிச்சம் இருந்தது. ஜூலைக் கடைசியில் அங்கே இருட்டு என்று ஒன்று முழுசாக வருவதில்லை. சூரியன் காட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது, ஒவ்வொரு மரத்தின் நிழலும் படுத்தபடியே நீண்டு நீண்டு பலகைப் பாதைக்குக் குறுக்கே கிடந்தது, ஒஸ்மோ அவற்றை மிதித்துக்கொண்டே போனான். அவன் எடைக்குப் பலகைகள் தாழ்ந்து, இருபுறமும் கறுப்புத் தண்ணீர் கொப்பளித்து, காலை எடுத்ததும் சப்பென்று உறிஞ்சிக்கொண்டு உள்ளே போயிற்று. தலையைக் கனக்கவைக்கும் புதர்ப்பூ வாசனையும் அதன் அடியில் அழுகிய முட்டை நாற்றமும் கலந்து வந்தன. அவன் வழியெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டே நடந்தான். ஸ்ப்ரூஸ் நிற்கும் ஈரக்காடு. குட்டை பைன் சதுப்பு. பஞ்சுப்புல் சதுப்பு. பெயர் தெரியாதவனுக்குத்தான் காட்டில் பயம் என்று வகுப்பில் மாணவர்களிடம் சொல்வான்.

செத்த பைன் மரம் சொன்ன இடத்திலேயே நின்றது. அதைத் தாண்டி இறங்கியதும் ஏதோ குறைந்தது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கொசு இல்லை.

வழியெல்லாம் காதில் ரீங்கரித்து வந்த கூட்டம் மரத்தோடு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் அங்கே புகைபோல ஆடிக்கொண்டிருந்தது, இந்தப் பக்கம் ஒன்றுகூட வரவில்லை. "காத்து," என்று முணுமுணுத்தான். காற்றே இல்லை.

எதிரே திறந்த சதுப்பு. மழைத்தண்ணீரை மட்டும் குடித்துப் பிழைக்கும் நிலம். சதுப்பு வகைகளிலேயே பரம ஏழை. இதில் ஹில்லா காய்த்தால் அங்கொன்றும் இங்கொன்றும் காய்க்கும். ஆனால் நடுவில் வரிசையாகத் திட்டுகள் இருந்தன, நீள நீளமான பாசித் திட்டுகள், ஒவ்வொன்றின் மேலும் தேன் நிறத்தில் பழம் இடம் விடாமல் காய்த்திருந்தது. பழங்களுக்கு நடுவே கரும்பச்சையாக இன்னொரு செடி. குனிந்து தொட்டான், விரல் எரிந்தது.

காஞ்சொறி.

அது இங்கே வளராது. வளரவே முடியாது. பழைய மாட்டுக்கொட்டகைப் பக்கம் வளரும், கழிவறைக்குப் பின்னால் வளரும், இடுகாட்டு வேலியோரம் வளரும். தின்னக் கொழுப்பாக ஏதாவது அடியில் கிடந்தால்தான் வளரும். ஒஸ்மோவின் மூளை வகையை எழுத ஆரம்பித்து, பாதியில் நின்றுகொண்டது.

"எவனோ சாணியைக் கொண்டாந்து கொட்டியிருக்கான்," என்று சத்தமாகவே சொன்னான். "பழத்துக்கு உரம் போடுறானாம். பட்டிக்காட்டு மூளை."

சத்தமாகச் சொன்னது தனக்குத்தான் என்று அவனுக்கே தெரிந்தது. முதுகு வேர்த்திருந்தது.

குத்துக்கோலை முதல் திட்டில் இறக்கினான். அடியில் மரம் கிடந்தால் டக்கென்று நிற்கும், மணல் நறநறக்கும், களிமண் கோலைப் பிடித்துக்கொள்ளும். இது மூன்றும் இல்லை. கொஞ்சம் அமுங்கியது. பிறகு மெதுவாக, கோலை மேலே தள்ளியது.

பின்னால் எங்கோ மரத்தில் மரம் முட்டும் ஓசை. டொக். கொஞ்சம் கழித்து, டொக். மரங்கொத்தி என்று வகை எழுதிக்கொண்டான்.

அடுத்த திட்டு. அதே அமுங்கல். அதே தள்ளல். அதற்கடுத்தது. அங்கும் அதேதான். திட்டுகளெல்லாம் ஒரே நீளம் என்பதை அப்போதுதான் பார்த்தான். நன்றாக உயர்ந்த ஒரு ஆள் காலை நீட்டிப் படுத்த நீளம். அவனுக்கு உடனே வீட்டுக்குப் போகவேண்டும்போல் இருந்தது. பயந்துவிட்டோம் என்று தோன்றியதும் தன்மேலேயே எரிச்சல் வந்தது. யோர்மா இங்கேதான் பயந்திருப்பான், கோழை. அந்த எண்ணத்தைக் கைத்தடிபோல் பிடித்துக்கொண்டு கடைசித் திட்டுக்குப் போனான்.

கடைசித் திட்டு புதுசு. பாசி இளம்பச்சை. பழம் கொஞ்சம்தான். தலைமாட்டில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது, பிடியில் நீல டேப் சுற்றிய குத்துக்கோல்.

ஹாக்கி மட்டைக்குச் சுற்றும் டேப். கை கொப்பளிக்குது என்று யோர்மா சுற்றி வைத்தது. அதைக் காட்டிக் காட்டி, சாப்பாட்டு மேஜையில் எல்லோரையும் சிரிக்கவைத்தவன் ஒஸ்மோ.

ஸ்வீடன், என்று நினைத்தான். ஸ்வீடன். ஸ்வீடன்.

கை தானாக நீண்டு டேப்பைப் பிடித்தது. இழுத்தான். ஒரு விரற்கடை மேலே வந்தது. நின்றது. பிறகு கோல் அவன் கையிலிருந்து கீழே போயிற்று. வெடுக்கென்று இல்லை. நிதானமாக. தன் பொருளைத் தான் திருப்பி வாங்கிக்கொள்வதுபோல.

ஓடினான்.

சதுப்பில் ஓடக்கூடாது. அவனுக்குத் தெரியும். ஓடினான். பாசி குலுங்கியது. அவன் கால் வைக்காத இடத்திலும் குலுங்கியது. பூட்ஸில் தண்ணீர். வாயில் செம்பு ருசி. செத்த பைன். அந்தப் பக்கம் பலகை. பைனைப் பிடித்துச் சுற்றிக்கொண்டு காலை எட்டி வைத்தான்.

பலகை இல்லை.

மரத்தை ஒட்டிய பலகைகளைக் காணோம். கறுப்புச் சேறு பளபளத்தது. அதற்கு அப்பால், கழற்றி அடுக்கிய பலகைகளின் மேல் ஹெல்வி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காப்பிக் குடுவை. மடியில் காலி வாளி. அவளைச் சுற்றிக் கொசு மொய்த்தது, அவள் விரட்டவில்லை.

"கண்டுபிடிச்சீங்களா டாக்டரே?"

"பலகையைப் போடு!" குரல் கீச்சென்று வந்தது. "ஏய்! கிழவி! பலகையைப் போடு!"

"என்ன வகைன்னு எழுதுவீங்க?"

"போடும்மா... தயவுசெஞ்சு... ஹெல்வி, கேளு..."

"எங்க அம்மா காலத்துல வருஷம் தவறாமக் காய்ச்சுது. இடையில ரொம்ப இளைச்சுப்போச்சு. போன வருஷத்துக்கு அப்புறம்தான் கொஞ்சம் தேறியிருக்கு." காப்பியை மூடியில் ஊற்றி ஊதினாள். "துள்ளாதீங்க. துள்ளுனா சீக்கிரம் போயிடுவீங்க."

அவன் குனிந்து பார்த்தான். முழங்கால் வரை உள்ளே. எப்போது இறங்கியது? காலைத் தூக்கினான். வரவில்லை. கீழே ஏதோ பூட்ஸின் குதிகாலைப் பிடித்திருந்தது. இறுக்கமாக இல்லை. இறுக்கத் தேவையில்லை என்பதுபோல.

உதடு தானாக அசைந்தது. பஞ்சுப்புல் சதுப்பு. குட்டை பைன் சதுப்பு. ஸ்ப்ரூஸ் நிற்கும் ஈரக்காடு. வந்த வழியின் பெயர்கள். திரும்பிப் போகும் வரிசையில்.

"யோர்மாவும் இப்படித்தான்," என்றாள் ஹெல்வி. "கடைசி வரைக்கும் பேரு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

பாசி தொடையில் ஏறியது. வெதுவெதுப்பாக இருந்தது. மடிப்பு ஒவ்வொன்றையும் தடவித் தடவி ஏறியது. ஹில்லா ஜூன் மாதத்தில் பூக்கும், ஜூலைக் கடைசியில் பூக்காது, எந்த வகை நிலத்திலும் பூக்காது. அவனுடைய கால்சட்டைத் துணியைத் துளைத்துக்கொண்டு வெள்ளையாக ஒரு பூ விரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. இடுப்பில் ஒன்று. ஹெல்வி வாளியைத் தரையில் வைத்துவிட்டு, பூக்களை விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தாள்.