அவள் சிரித்த வீடியோ

டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. கொழுந்தன் கைபேசியைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்து, அவள் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தான்.

"மன்னிப்புக் கேட்டு நாலு வார்த்தை பேசிடுங்க அண்ணி. ஆபீஸ்ல என்னால தலை காட்ட முடியல... உங்க அண்ணிக்கு அப்படி என்ன சந்தோஷம்னு கேக்கறாங்க."

கணவனின் உடலருகே அவள் சிரித்ததை, துக்கத்துக்கு வந்த யாரோ வீடியோ எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். கொன்றதே இவளாக இருக்கும் என்றார்கள் பார்த்தவர்கள். அதிர்ச்சியில் அப்படி ஆகும் என்று ஒருவர் எழுதியதற்கு, அதிர்ச்சியானவள் அழுவாள், பல்லைக் காட்டமாட்டாள் என்று வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஏன் சிரித்தோம் என்பது முதலில் அவளுக்குத் தெரிந்திருந்தது. சொன்னால் இன்னொருவர் தலை உருளும் என்று வாயை மூடிக்கொண்டாள். திரும்பத் திரும்ப அந்த வீடியோவையே பார்த்ததில் அவளுடைய ஞாபகம் கரைந்துபோயிற்று. இப்போது அந்த நாளை நினைத்தால், படம் எடுத்தவன் நின்ற இடத்திலிருந்துதான் தெரிகிறது. அங்கே ஒருத்தி சிரிக்கிறாள். அவர்கள் சொல்வது சரிதானோ... கணவனின் முகம் மட்டும் ஞாபகத்தில் வரவே மாட்டேன் என்கிறது.

"எடுங்க தம்பி" என்றாள். "நான்... சிரிச்சது தப்புதான். அவர்மேல எனக்குப் பாசமே இல்லியோ என்னவோ..."

"என்னடி உளர்றே?"

மாமியார் ஈரக் கையோடு வாசற்படியில் நின்றிருந்தாள். நெஞ்சு பலவீனம் என்று அவளிடம் யாரும் எதையும் காட்டியிருக்கவில்லை.

"அம்மா, ரெகார்டு ஆவுது. இவங்க சிரிச்ச வீடியோ ஊரெல்லாம் சுத்துது."

"அவளைச் சிரிக்க வச்சதே நான்தாண்டா."

மாமியார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உங்க அண்ணனோட சலூன் கூட்டாளிதானே கடைசியா அவனுக்குச் சவரம் பண்ணான்? அழுதுக்கிட்டே பண்ணதுல மீசை ஒரு பக்கம் குட்டையாயிடுச்சு. 'இதைப் பாத்தான்னா எழுந்து வந்து அவனைக் கடையை விட்டே துரத்துவான்'னு இவ காதுல சொன்னேன். பெத்தவ நான் சொன்னேன். சிரிச்சா. சிரிச்ச வாய் மூடறதுக்குள்ள என் மடியில விழுந்து கதறினா... அதை ஏன் எவனும் எடுத்துப் போடல?"

கொழுந்தன் கைபேசியை எடுத்து அணைத்தான். "ஏன் அண்ணி சொல்லல?"

"சவரம் பண்ணவரையும் சும்மா விடமாட்டாங்க தம்பி. அதுக்கப்புறம் அவர் கத்தியையே தொடல..."

"நானும் அவங்களோட சேந்துக்கிட்டேன் அண்ணி" என்று அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

அவள் மாமியாரின் காலடியில் உட்கார்ந்து, அந்த ஈரக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, இன்னொரு தடவை சொல்லுங்க. எந்தப் பக்க மீசை?"