ஏழாம் நம்பர் மோட்டார்

மெக்கானிக் அந்தப் பழைய ஆவணக் கிடங்குக்கு வந்து சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் ஜன்னல் என்று ஒன்று கிடையாது, ஆகையால் அங்கே எந்த மணியும் ஒன்றுதான்.

"ரெண்டு வருஷமா பூட்டியே கெடக்கு சார். எலிகூடப் போரடிச்சுப் போயிடுச்சு" என்றபடி காவலாளி கதவைத் திறந்துவிட்டார். "தனியாவா வேலை?"

"தனியாத்தான்."

"நாளைக்குக் காலைல திறக்கறாங்களாம். இன்னிக்கே முடிஞ்சிடுமா?"

"முடிச்சுத்தான் ஆகணும்."

காவலாளி படியேறிப் போய்விட்டார். இந்தக் கட்டடத்துக்கு வராமலிருக்க மெக்கானிக் இரண்டு வருஷமாகச் சொல்லாத சாக்குப்போக்கு இல்லை. முதுகுவலி, மகளின் பரீட்சை, மாமியாருக்குக் கண் ஆபரேஷன். கடைசியில் சாக்குகளும் தீர்ந்துபோய், மேனேஜரின் பொறுமையும் தீர்ந்துபோயிற்று.

நீண்ட நடை, இரு பக்கமுமாக மொத்தம் எட்டு அறைகள், கோடியில் சுவரில் ஒரு கன்ட்ரோல் பெட்டி. ஒவ்வோர் அறையின் கூரையிலும் காற்றுக்குழாயின் வாயில் டாம்பர் என்ற தகரக் கதவு, அதைத் திறந்து மூட ஒரு சின்ன மோட்டார். காகிதம் தீப்பிடித்தால் அறைக்குள் ஒரு வாயு பாய்ந்து தீயை அணைக்கும். தீ மூச்சுவிட முடியாத இடத்தில் மனிதனாலும் முடியாது. அந்த வாயுவை உறிஞ்சி வெளியேற்ற, அந்த அறையின் டாம்பர் உடனே திறந்தாக வேண்டும்.

எந்த மோட்டார் எந்த அறை என்று பெட்டிக்குத் தானாகத் தெரியாது, நாம்தான் சொல்லித்தர வேண்டும். பெட்டியில் ஒரு நம்பரை அழைத்தால் அதன் விளக்கு மினுக்கிக்கொண்டு காத்திருக்கும். யாராவது போய் ஒரு மோட்டாரின் பொத்தானை அழுத்தினால், அந்த நம்பர் அந்த மோட்டாருக்கு. விளக்கு நிலையாக எரியும். அதனால் இது எப்போதும் இரண்டு பேர் வேலை. ஒருவர் பெட்டியருகே, மற்றவர் அறையில். அழுத்தியதும் அங்கிருந்து "ஆச்சு!" என்று ஒரு சத்தம் வரும்.

இருபது வருஷம் அப்படிச் சத்தம் கொடுத்தவர் மச்சான், மனைவியின் அண்ணன். பல்வலிக்காக எந்நேரமும் வாயில் கிராம்பு அடக்கிக்கொண்டிருப்பவர். இரண்டு வருஷத்துக்கு முன் இதே கீழ்த்தளத்தில், ஏழாம் அறையில் செத்துப்போனார்.

பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டியாயிற்று. மெக்கானிக் ஒன்றாம் நம்பரை அழைத்துவிட்டு நடந்தார், ஏணியில் ஏறிப் பொத்தானை அழுத்தினார், இறங்கித் திரும்ப நடந்தார். ஆறு முடிவதற்குள் முழங்கால் கழன்றுவிடும்போல் இருந்தது. தூங்கினால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தது.

ஏழாம் நம்பரை அழைத்தார். ஏணியைத் தூக்கிக்கொண்டு மூன்றடி வைத்தார்.

பின்னால் 'டிக்' என்றது.

திரும்பிப் பார்த்தார். ஏழின் விளக்கு நிலையாக எரிந்தது.

புதுப் பெட்டி, ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொண்டார். சோதிக்க, ஏழைத் திறக்கச் சொல்லி அழுத்தினார். மோட்டார் முனகும் சத்தம் கேட்டது. ஏழாம் அறையில் அல்ல, எட்டாம் அறையில்.

நம்பரை அழித்தார். மறுபடி அழைத்தார். அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

'டிக்.'

திறந்து பார்த்தார், மறுபடியும் எட்டு. எட்டாம் அறையில் ஏணி போட்டு ஏறி, மோட்டாரின் ஒயரையே பிடுங்கிவிட்டு வந்தார். இனி அது அசைய வழியே இல்லை. மறுபடி ஏழை அழைத்தார்.

'டிக்.'

திறக்கச் சொன்னார்.

ஒயர் இல்லாத மோட்டார் நிதானமாக முனகிக்கொண்டே சுற்றியது.

கிராம்பு வாசனை வந்தது.

மெக்கானிக் தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்த வரிசை அவருக்குத் தெரியும், அவர் போட்ட வரிசைதான். இரண்டு வருஷத்துக்கு முன், அன்றைக்கு மச்சான் சாப்பிடப் போயிருந்தபோது, தூக்கக் கலக்கத்தில் இவரே ஏழை அழைத்துவிட்டு எட்டாம் அறையின் பொத்தானை அழுத்திவிட்டார். எட்டை அழைத்து ஏழில் அழுத்தினார். திறந்து பார்த்துச் சோதிக்கவும் சோம்பல். சாயங்காலம் மச்சான் ஏழாம் அறையில் ஏணிமேல் இருந்தபோது எப்படியோ வாயு பாய்ந்துவிட்டது. மெக்கானிக் பெட்டியில் ஏழைத் திறந்தார். 'ஏழு திறந்தது' என்று பெட்டி சொன்னது. அதை நம்பி, வாயு வெளியேறட்டும் என்று நான்கு நிமிஷம் கதவருகே நின்றார். திறந்திருந்தது எட்டு.

விசாரணைக்கு ஆட்கள் வருவதற்குள் நம்பர்களைச் சரியாக மாற்றிவைத்துவிட்டார். வாயுக் குழாயை முன்னதாக அடைக்காமல் ஏணி ஏறியது இறந்தவரின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். "எங்கண்ணன் எப்பவுமே அவசரக்குடுக்கைதான்" என்று அழுத மனைவிக்கு, ஆமாம் என்று இவரும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைத் தூக்கிச் சுமந்துதான் இரண்டு வருஷமாக இத்தனை அசதி.

"மன்னிச்சிடுங்க மச்சான்" என்றார் இருட்டைப் பார்த்து. "நான்தான் மாத்திப் போட்டேன்."

ஏழின் விளக்கு தானாக அணைந்து, மினுக்க ஆரம்பித்தது.

காத்திருந்தது.

மச்சானுக்குத் தெரிந்ததுதானே, தெரியாத மனைவியிடமல்லவா சொல்ல வேண்டும். அவர் போனை எடுத்தார்.

"என்னங்க, எப்ப வருவீங்க?"

"ஒண்ணு சொல்லணும். உங்கண்ணன்மேல தப்பு இல்ல." "ஏழையும் எட்டையும் நான்தான் மாத்திப் போட்டேன். அவர் உள்ள மூச்சுக்குத் தவிக்கும்போது, நான் பெட்டிய நம்பி வெளிய நின்னுட்டிருந்தேன். அப்புறம் யாருக்கும் தெரியாம சரிபண்ணி மறைச்சிட்டேன்."

ஏழாம் அறையில் மோட்டார் முனகியது. சரியான அறையில், சரியான டாம்பர்.

"பக்கத்துல யாரு?" என்றாள் அவள்.

"யாரும் இல்லம்மா. நான் மட்டும்தான்."

"பொய் சொல்லாதீங்க." அவள் குரல் உடைந்தது. "இப்ப 'ஆச்சு'ன்னு சொன்னாங்களே."

அவர் காதில் எதுவும் விழவில்லை. பெட்டியில் ஏழின் விளக்கு மினுக்குவதை நிறுத்தி, நிலையாக எரிந்துகொண்டிருந்தது.